ஒரு நாள் மூத்தவள்

வெள்ளிக்கிழமை இரவு நான்.
சனிக்கிழமை விடிந்ததும் ஓல்வென்.
ஒரே மருத்துவச்சி, ஒரே சைக்கிள்,
நடுவில் ஒரு கோப்பைத் தேநீர் குடித்திருப்பாள்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்று,
செப்டம்பர் ஒன்று, செப்டம்பர் இரண்டு.
பள்ளியில் வரிசை நிற்கும்போதெல்லாம்
அந்த ஒரு நாளைச் சொல்லியே
அவளுக்கு முன்னால் போய் நிற்பேன்.

ஆறு வயதில் இருவருக்கும் சின்னம்மை.
ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாகப் போட்டார்கள்.
சொறியாமலிருக்கக் கையில் காலுறை மாட்டிக் கட்டினார்கள்.
பொருக்கு உதிர்ந்ததும் போய்விட்டது என்றார்கள்.
போகவில்லையாம்.
முதுகுத்தண்டின் ஓரம், நரம்பின் வேரில்
சுருண்டு படுத்துவிட்டதாம், வாடகை இல்லாமல்.
குவாரிச் சங்குக்கு எழவில்லை.
என் கல்யாண மேளதாளத்துக்கு எழவில்லை.
மைரிக்கைப் புதைத்த அன்றும் எழவில்லை.

எண்பதைத் தொட்ட அந்த இலையுதிர் காலத்தில்
ஓல்வெனுக்குக் கடிதம் வந்தது:
அக்கிக்குத் தடுப்பூசி, இலவசம், வந்து போட்டுக்கொள்ளவும்.
எனக்கு வரவில்லை.
தபால்காரனைச் சந்தேகித்தேன்.
கிளினிக் பெண் திரையைப் பார்த்து, என்னைப் பார்த்து,
"ஒரு நாள் முந்திவிட்டீர்கள்" என்றாள்.

எங்கள் ஊர் பெதஸ்தா.
ஸ்லேட் மலையடியில் எப்போதும் நனைந்துகொண்டே இருக்கும்.
ஒரு குளத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள்.
தண்ணீர் கலங்கியதும் முதலில் இறங்குகிறவனுக்கு மட்டும் சுகம்;
அடுத்தவன் கரையிலேயே.
ஞாயிறு பள்ளியில் கேட்டபோது
எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.
அன்று நான்தான் முன்வரிசை.

மூன்று வருடம் கழித்து ஒரு பிப்ரவரியில்
இடது விலாவில் சிவப்பாக ஒரு கோடு.
முதுகில் தொடங்கி மார்புக்கு அடியில் நின்றது.
வலப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.
எல்லை தெரிந்த நோய்.
எங்கள் மொழியில் இதற்குக் கழுகு என்று பெயர்.
கொப்புளம் மூன்று வாரத்தில் காய்ந்தது,
நகம் மட்டும் உள்ளே தங்கிவிட்டது.
சட்டை உரசினால் நெருப்பு.
போர்வை நெருப்பு.
கதவைத் திறந்தால் வரும் காற்று, அதுவும்.

அப்புறம் ஒரு நாள் வானொலியில்
யாரோ ஆராய்ச்சிக்காரர்.
நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.
வேல்ஸ் முழுக்க எங்கள் வயதுக்காரர்களை எண்ணினார்களாம்.
செப்டம்பர் இரண்டைக் கோடாகக் கிழித்து
இந்தப் பக்கம் இத்தனை, அந்தப் பக்கம் இத்தனை.
ஊசி போட்டவர்களுக்கு மறதிநோய்
ஐந்தில் ஒரு பங்கு குறைவாம்.
ஏனென்று இன்னும் சரியாகத் தெரியாதாம்.
குழாயை மூடினேன்.
ஈரக்கையோடு நின்றேன்.

ஓல்வெனுக்கு ஊசி போட்டார்கள்.
ஓல்வெனுக்கு என் பெயர் தெரியாது.
எனக்குப் போடவில்லை.
போன செவ்வாய்க்கிழமை ரொட்டி விலையை
நான் பென்னி பிசகாமல் சொல்வேன்.
கணக்கு பொய்யில்லை.
ஐந்தில் ஒருத்தி தப்பினால்
மீதி நாலு பேருக்கும் முகம் உண்டு, வீட்டு எண் உண்டு.
ஊரையெல்லாம் எண்ணியவர்
எங்கள் தெருவுக்குள் வந்ததில்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமைகளில் அவளைப் பார்க்க இல்லத்துக்குப் போவேன்.
விலாவில் கை வைத்தபடியேதான் உட்காருவேன்.
"கழுகா?" என்றாள் போன வாரம்.
அவளாகவே கேட்டாள்.
அவள் வம்சத்தில் ஒருவன்
கழுகுக் கறி தின்றானென்று ஒரு பேச்சு உண்டு.
தின்றவன் வழியில் ஒன்பது தலைமுறைக்கு
ஊதினால் ஆறுமாம்.
சிறுமியாக இருந்தபோது இதைச் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொள்வாள்.
நான் நம்பியதில்லை.

ஸ்வெட்டரைத் தூக்கச் சொன்னாள்.
குனிந்து மூன்று தரம் ஊதினாள்.
பல்செட் போடாத வாய்,
எச்சிலும் கொஞ்சம் தெறித்தது.

வலி போகவில்லை.
சும்மா சொல்லக் கூடாது,
கொஞ்ச நேரம் குளிர்ந்தது.

நிமிர்ந்து என்னை
வரிசையில் புதிதாக வந்து நிற்பவளைப்போலப் பார்த்தாள்.
"உனக்குப் பிறந்தநாள் எப்போது?"

சொன்னேன்.

"எனக்கு மறுநாள்" என்றாள்.
கொஞ்சம் நகர்ந்து
முன்னால் இடம் விட்டாள்.